வாக்கியத்துக்கு நடுவே ஒரு மூச்சு

புலவர் மாசிலாமணி இன்னும் சங்க காலத்தைத் தாண்டவில்லை. ஐந்தே நிமிடம் என்று சொல்லி மைக்கைப் பிடித்தவர், களவு, கற்பு, உடன்போக்கு என்று ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். இனிமேல் பல்லவர் வரவேண்டும், சோழர் வரவேண்டும், வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கித் திரும்பிப் போகவேண்டும், அதற்கும் பிறகுதான் நீடாமங்கலம் கலியபெருமாள் மகள் யாழினியின் கல்யாணத்துக்கு வந்து சேர்வார். மெதுவாகவே வரட்டும், அவசரமே இல்லை, என்று நினைத்துக்கொண்டாள் மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வி. அவருக்கு அடுத்து அவள்தான் பேசவேண்டும். எத்தனையோ மேடையில் இந்தப் புலவருக்குப் பின்னால் பேசியிருக்கிறாள், துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறாள், ஒருமுறை மணியே அடித்திருக்கிறாள். அந்த மனிதர் நீளமாகப் பேசுவது பிடித்திருக்கிறது என்றால் அது இன்றைக்குத்தான். இன்னும் கொஞ்சம் இழுங்கள் ஐயா, உடன்போக்கில் பாலை நிலம் ஒன்று வருமே, வெயில் வருமே, அதையெல்லாம் ஏன் விட்டுவிட்டீர்கள். ஆடிக்காற்று சன்னல் வழியாக அடித்து மேடைத் துணியைத் தூக்கிப் போட்டது. ஆடியில் கல்யாணம் வைத்தால்தான் கலியபெருமாளுக்கு நிம்மதி. பகுத்தறிவுக் கொள்கையும் தவறவில்லை, மண்டபமும் கேட்ட நாளில் கிடைத்துவிட்டது. கீழே முன்வரிசையில் கரைவேட்டிகள், அதற்குப் பின்னால் பெண்கள், அதற்கும் பின்னால் எந்த நேரமும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடத் தயாராக இருப்பவர்கள். அவர்களையெல்லாம் பார்க்காதது போலப் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்க்காதது போலத்தான் பார்த்தார்கள். இளைத்துவிட்டாள், கழுத்து எலும்பு தெரிகிறது பார், பாவம், எப்படிப் பேசும் பொம்பளை. காதில் விழவில்லைதான், ஆனால் உதடு அசைவதைப் படிக்க நாற்பது வருஷ மேடை சொல்லிக்கொடுத்திருக்கிறதே.

நாற்காலியில் சாயக்கூடாது. சாய்ந்தால் வலது பக்கம் விலாவுக்குப் பின்னால் அந்தத் தழும்பு முதுகுச் சட்டத்தில் இடிக்கும். இடித்தால் வலி இல்லை, வலியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, மரத்துப் போன ஒரு உணர்வு, மார்புக்குக் கீழே ஒரு கையளவு இடம் தொட்டால் அடுத்தவள் உடம்பைத் தொடுவது மாதிரி இருக்கிறது. நரம்பு மெதுவாகத்தான் வரும் என்றார் டாக்டர் நஸ்ரின். வந்தால் வரட்டும். வராவிட்டால் அந்தக் கையளவு இடம் அவளுக்குச் சொந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பித்தப்பைக் கல்லுக்காகப் போனவள்தான். கல்லை எடுக்குமுன் நெஞ்சை ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள், அப்புறம் யாரும் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நிழல். சுண்டைக்காயை அவள் எத்தனை தரம் வற்றல் போட்டிருக்கிறாள், ஒருநாளும் அதற்குப் பயந்ததில்லை. வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பாங்களா என்று கேட்டார்கள். கேட்டது அவளைத்தான், பார்த்தது அவள் புருஷன் தங்கராசுவை. வெற்றிலை பாக்கைத் தவிர ஒன்றும் அறியாத மனிதர், திருடன் மாதிரி முழித்தார். வீட்டில் யாரும் இல்லை. ஆனால் கார் உண்டு. கூட்டம் முடிந்து திரும்பி வருகிற கார், அதன் பின்சீட்டில் அவள், முன்னாலும் பக்கத்திலும் கட்சி அண்ணன்மார்கள், எல்லார் விரலிலும் ஒரு கங்கு. பனி இறங்குது, கண்ணாடியை ஏத்துங்கப்பா, அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கப் போகுது. அவள் தொண்டைக்காகத்தான் கண்ணாடியை ஏற்றினார்கள். எவ்வளவு அன்பு. அந்த அன்பு முழுவதையும் அவள் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அதுதான் காரணமா என்று கேட்டதற்கு டாக்டர் நஸ்ரின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா. ஒண்ணுமே இல்லாதவங்களுக்கும் வருது. காரணத்தைத் தேடி நீங்க அலைய வேண்டாம், நாம வேலையைப் பார்ப்போம். ரொம்ப ஆரம்பத்துலயே மாட்டிக்கிட்டுது. நுரையீரல்ல அந்த ஒரு மடலை மட்டும் எடுத்துட்டா போதும்னு நினைக்கிறேன்" என்றார். மாட்டிக்கிட்டுது. அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. திருட்டுப் பயல் சுவர் ஏறும்போதே மாட்டிக்கொண்டான், வீட்டுக்குள் இறங்கவில்லை. "பேசலாமா டாக்டர்?" என்று கேட்டாள். "தாராளமா பேசலாமே" என்றார் அவர். அவருக்குப் பேச்சு என்றால் வாங்க, உட்காருங்க, சாப்ட்டீங்களா. அவள் கேட்டது வேறு பேச்சு. திறந்தவெளியில், எதிர்க்காற்றில், கடைசி வரிசையில் சைக்கிளில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்கிறவன் வரைக்கும் போய்ச் சேருகிற பேச்சு. அதை எப்படிக் கேட்பது, எந்தப் படத்தில் அது தெரியும்.

பல்லவர் வந்துவிட்டார்கள். கல்லைக் குடைந்து கோயில் கட்டியதற்கும் குடும்பம் நடத்துவதற்கும் ஏதோ ஒற்றுமை சொல்கிறார் புலவர், கைதட்டல் இல்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. சாம்பார் கொதிக்கிற வாசனை. ஐப்பசியில் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எந்த வாசனையும் இல்லை, தொண்டையில் மணலைக் கொட்டியது போல இருந்தது, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது, குரல் வரவில்லை. குழாய் போட்டதால் அப்படித்தான் இருக்கும், சில வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவள் நம்பவில்லை. மடலோடு சேர்த்துக் குரலையும் வெட்டித் தட்டில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள் என்றே நினைத்தாள். விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே பாட்டிலுக்குப் போயிற்று. இருமினால் பாட்டிலில் குமிழி வரும். அந்தப் பாட்டிலைத் தங்கராசு குனிந்து குனிந்து பார்ப்பார், ஆம்ப்ளிபயரின் முள்ளைப் பார்ப்பாரே அதே முகத்தோடு. தங்கராசு சவுண்ட் சர்வீஸ். அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத ஊர் இந்தத் தாலுகாவில் இல்லை. அவள் முதன்முதலில் மேடை ஏறியபோது மைக்கின் கழுத்தை இறக்கி அவள் உயரத்துக்கு வைத்த பையன்தான், பிறகு மாப்பிள்ளை ஆனார். மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண் பிரிசில்லா தலையணையை அவள் நெஞ்சோடு வைத்து, "கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்கம்மா, நல்லா இருமுங்க, சளி தங்கக் கூடாது" என்று கெஞ்சினாள். மேடையில் இருமல் வந்துவிடக்கூடாதே என்று ஒரு வாழ்நாள் முழுக்கப் பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தவளிடம், இருமு இருமு என்கிறாள். இருமினாள். கத்தியால் கீறுவது போல இருந்தது. இன்னொரு தடவை என்றாள். இவள் ஒரு நாளும் தேர்தலில் தோற்கமாட்டாள் என்று நினைத்தாள் வெற்றிச்செல்வி, வேண்டாம் என்பதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று பந்துகள், குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் மேலே போகவேண்டும். ஒன்று ஏறியது. இரண்டாவது ஏறுவதாகப் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது அசையவே இல்லை, எதிர்க்கட்சிக்காரன் மாதிரி. பிறகு ஒருநாள் டாக்டர் வந்து, நெறிகட்டியெல்லாம் சுத்தம், எங்கும் பரவவில்லை, ஊசி மருந்து எதுவும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார். தங்கராசு எழுந்து வெளியே போனார். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றிருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் வாங்க மறந்து திரும்பி வந்தார்.

சித்திரையில் எடுத்த ஸ்கேன் சுத்தம். அடுத்தது ஐப்பசியில். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. சுத்தம் என்று சொன்ன நாளிலிருந்து கொஞ்ச நாள் சுத்தமாக இருக்கிறது, பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்ல அழுக்காகிறது. காலையில் ஒரு வறட்டு இருமல் வந்தால் போதும். இது தூசியா, காற்றா, அதுவா. அது என்றால் எது. வந்தால்? வந்தால் பார்த்துக்கொள்ளலாம். எதைப் பார்த்துக்கொள்வது? வந்ததை. வந்தால்தானே. ஏன் வரவேண்டும்? ஏன் வந்தது முதலில்? கண்ணாடியை ஏத்துங்கப்பா. இப்படியே மாடு செக்கைச் சுற்றுவது போலச் சுற்றிவிட்டு, கடைசியில் அரிசி களையப் போய்விடுவாள். பக்கத்து ஒன்றியத்தில் அவளைச் சாகடித்தே விட்டார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையிலிருந்து தங்கராசுவுக்குப் போன், "அண்ணே, அக்காவோட நல்ல போட்டோ ஒண்ணு வாட்ஸப்ல அனுப்புங்கண்ணே." "எதுக்குடா?" கேட்கும்போதே இவருக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளுத்துவிட்டது, போனை என்ன செய்வதென்று தெரியாமல் அவளிடம் நீட்டினார். அவள் கரகரத்த குரலில், "தம்பி, நீலப் புடவை போட்டோவை மட்டும் போட்டுறாத, அதுல கண்ணு மூடியிருக்கு" என்றாள். அந்தப் பையன் அக்கா அக்கா என்று அழுதே விட்டான். சிரித்துக்கொண்டுதான் போனை வைத்தாள். அப்புறம் துவைத்த துணியை மடிக்கும்போது அந்த நீலப் புடவை கையில் வந்தது, அதை மடிக்க முடியவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கலியபெருமாள் பத்திரிகை கொடுக்க வந்தபோது வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். வந்து வாழ்த்தினால் போதும்க்கா, பேச வேண்டாம் என்றார். பேச வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கக்கூடாது. சரி பேசுறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பேசுவது என்றால், ஜனம் அவளிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு, ஓடம்போக்கி, முள்ளியாறு, பாண்டவையாறு என்று காவிரி பிரிகிற ஆறு அத்தனையும் ஒரே மூச்சில் அடுக்கி, இத்தனை ஆறு இருந்தும் எங்க வயலுக்குத் தண்ணி எங்கே என்று முடிப்பாள். முடித்ததும் விசில் பறக்கும். ஆறு சொல்லுக்கா என்பதற்காகவே இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தங்கராசுவுக்குக் கேட்காமல் சொல்லிப் பார்த்தாள். கோரையாற்றோடு நின்றுவிட்டது. மறுபடி இழுத்து ஆரம்பித்தாள், மறுபடியும் கோரையாறு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே இருந்து, "என்ன செல்வி, வெந்நீர் பத்தலையா?" என்றார். "பத்துது" என்றாள். வெள்ளைக்காரன் வந்துவிட்டான். ஐயோ, புலவர் சோழர்களை எப்போது முடித்தார், பாவி மனுஷர் சோழர்களையே விட்டுவிட்டாரா? ஆற்றை விடு, அதற்கு முன்னால் அவர்களே இருக்கிறது. தலைமை தாங்கும் ஒன்றியச் செயலாளர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, என்று வரிசையாகப் பத்துப் பதினைந்து அவர்களேக்களைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் பாலம் ஏறி இறங்கியது போல மூச்சு வாங்கிவிடும். ஒருவரை விட்டால் ஒரு வருஷத்துக்குப் பேசமாட்டார்கள். இருமல் வந்தால்? அவர்களேவுக்கு நடுவில் இருமல் வந்து நிற்காமல் போனால்? இவர்கள் எழுந்து ஓடிவருவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், முதுகைத் தடவுவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் யாரும் கூப்பிடமாட்டார்கள். எழுந்து பின்பக்கமாக இறங்கிவிடலாமா? ஹால் மூலையில் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் தங்கராசு நின்றிருந்தார், அவளைப் பார்க்கவில்லை, குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணமக்கள் பல்லாண்டு வாழ்க என்றார் புலவர். கைதட்டல். அது வாழ்த்துக்கு அல்ல, முடித்ததற்கு.

பெயரைச் சொன்னதும் எழுந்தாள். எழுந்ததும் கூட்டம் தட்டியது, தேவைக்கு அதிகமாகவே தட்டியது. மைக்கின் கழுத்து அவள் உயரத்துக்கு ஏற்கெனவே இறங்கியிருந்தது. இழுத்தாள், மெதுவாக, பிரிசில்லா சொன்னபடி வயிற்றிலிருந்து. "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அவ்வளவுதான். ஒரு அவர்களேகூட இல்லை. பேரூராட்சித் தலைவர் மடித்த காலைக் கீழே இறக்கினார். பின்வரிசையில் இருந்து ஒரு இளவட்டம், "அக்கா, ஆறு!" என்று கத்தினான். நாலைந்து பேர் கூடவே, ஆறு ஆறு. அவள் கண்ணுக்கு முன்னால் கோரையாறு ஓடியது. "தம்பி, இப்பல்லாம் தண்ணியை முறை வச்சுத்தான் விடுறாங்க, தெரியுமில்ல?" என்றாள். "என் முறை இன்னும் வரல." விவசாய ஜனம், குபீரென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு மூச்சு எடுத்துக்கொள்ள முடிந்தது, இது என்ன நல்ல ஏற்பாடாக இருக்கிறதே. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தாள். தயாரித்து வந்தது ஒன்றும் நினைவில் இல்லை. "யாழினி, ரெண்டு பேரும் சண்டை போடுங்க" என்றாள். "நல்லா போடுங்க. பேசாம மட்டும் இருந்துறாதீங்க. நான் நாற்பது வருஷமா பேசுறேன், எங்க வீட்லயும் நான்தான் பேசுவேன், அவரு மைக் டெஸ்டிங்கைத் தவிர வேற பேசி" என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் மூச்சு தீர்ந்தது. வாக்கியத்துக்கு நட்ட நடுவில். நிறுத்தினாள். உள்ளே இழுத்தாள். அந்த இழுப்பு மைக்கில் ஏறி, நான்கு ஸ்பீக்கர் பெட்டியிலும் புகுந்து, மண்டபம் முழுக்க ஹோவென்று கேட்டது. தன் மூச்சைத் தானே அவ்வளவு பெரிதாக அவள் கேட்டதில்லை. மூலையில் தங்கராசுவின் கை குமிழுக்குப் போனது, ஒலியைக் குறைத்து அவளை மறைத்துவிடலாம், ஒரு திருப்புத் திருப்பினால் போதும். அவள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம். கை அப்படியே நின்றது. கூட்டம் அசையவில்லை. எழுந்து யாரும் ஓடிவரவில்லை. முன்னுக்குச் சாய்ந்து, அடுத்து என்ன என்று காத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, மணப்பெண் வளையல் கேட்டது, யாரோ ஒருவர் நாற்காலியை நகர்த்தாமல் நகர்த்தினார். இத்தனை வருஷம் இவர்களுக்கு மூச்சு விடவே இடம் கொடுத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றி முடிப்பதற்குள் காற்று நிறைந்துவிட்டது. "பேசி நான் கேட்டதில்ல" என்று முடித்தாள். "ஆஸ்பத்திரியில எனக்குக் குரல் போயிட்டுது. வேற வழியில்லாம அவரு பேசினாரு. சின்ன வயசுல ஆத்துல விழுந்த கதை. முதல் ஆம்ப்ளிபயர் புகைஞ்ச கதை. என்னைப் பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் சோறு இறங்காம இருந்த கதை. எனக்கு ஒண்ணுமே தெரியாது. இவ்வளவு பேசத் தெரிஞ்ச மனுஷன்கூட நான் குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரு நாளும் வாயைத் திறக்க விட்டதில்ல." நிறுத்தினாள், இழுத்தாள், மறுபடி ஹோ. இந்த முறை அதற்காக யாருமே திரும்பிப் பார்க்கவில்லை, தங்கராசுவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து, கழன்றிராத ஒரு வயரைத் தேடிக்கொண்டிருந்தார். "அதனால ரெண்டு பேரும் பேசுங்க. முறை வச்சுப் பேசுங்க. அவ்வளவுதான்" என்று கும்பிட்டாள். விசில் இல்லை. தட்டினார்கள், நின்று நிதானமாக. நாற்காலிக்குத் திரும்பியபோது உள்ளே ஒரு மூலையில் அந்த வறட்டு இருமல் எழுந்து தொண்டை வரை வந்தது. இருமினாள். இருமல் முடிந்தது. தூசியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள், ஐப்பசியில் பார்த்துக்கொள்வார்கள்.

பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அத்தை, வலங்கைமானிலிருந்து வந்திருந்த கனத்த அம்மாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே திரும்பி, "நீ பேசினது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தப்பு" என்றாள். "என்ன தப்பு?" "சண்டையில பேசுன்னியே, அது தப்பு. எங்க வீட்ல பேசாம இருந்தாத்தான் சண்டையே தீரும். ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டா தானா வழிக்கு வந்துருவாரு." "தீரல, உள்ள போயி உக்காந்துருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு வேற எதுலயாவது கிளம்பும்." "கிளம்பினா மறுபடி ரெண்டு நாள் பேசாம இருந்துட்டுப் போறேன், எனக்கென்ன." "அப்ப உங்க வீட்டுக்காரரு மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" "தெரிஞ்சு என்ன பண்றது? தெரியாம இருக்கிறதாலதான் நாப்பத்தோரு வருஷம் ஓடியிருக்கு!" எதிர்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். இது எப்படி விட முடியும்? வெற்றிச்செல்வி இடது கையை இலைக்குப் பக்கத்தில் ஊன்றித் திரும்பி உட்கார்ந்தாள். தப்பு, முழுக்கத் தப்பு, இதே பேச்சைத்தான் எங்க அத்தையும் சொன்னாங்க, அவங்க கதை என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் நடுவில் குறுக்கே பாய்ந்தாள், இவள் அதற்குக் குறுக்கே பாய்ந்தாள், இவள் அத்தை கதையில் பங்காளித் தகராறு வந்தது, அம்மாள் கதையில் ஒரு எருமை மாடு வந்தது. "செல்வி, சோறு ஆறுது" என்றார் எதிரே இருந்த தங்கராசு. இரண்டு பேருக்குமே அது கேட்கவில்லை. ரசம் ஊற்ற வந்தவர் எந்த இலையில் எப்போது ஊற்றுவது என்று தெரியாமல், வாளியும் கரண்டியுமாக நின்று, அவரும் கதையைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.